சேற்றுக்கும் தண்ணீருக்கும் ஏ.டி.வி.யைத் தயார் செய்வது: முதலில் மூச்சு, பிறகுதான் டயர்

உங்கள் கேள்வி இது: 500 சிசி நான்கு சக்கர ஏ.டி.வி. (கரடுமுரடான தரையில் ஓட்டும் திறந்த வண்டி) ஒன்றைப் பழையதாக வாங்கியிருக்கிறீர்கள். பெல்ட்டில் ஓடும் ஆட்டோமேட்டிக் வண்டி, ரேடியேட்டர் உண்டு, 25 அங்குல டயர். சேற்றுப் பாதையிலும் முழங்காலளவு, தொடையளவு தண்ணீரிலும் ஓட்ட வேண்டும். கையில் இருக்கும் பணத்தை முதலில் பெரிய டயரில் போடுவதா, காற்று இழுக்கும் வாயை உயரத்துக்குக் கொண்டுபோகும் ஸ்நார்கெல் குழாயில் போடுவதா?

இரண்டிலும் வேண்டாம். முதல் செலவு சில மீட்டர் ரப்பர் குழாய், ஒரு கைப்பிடி ஹோஸ் கிளிப், ஒரு டப்பா கிரீஸ். அதற்குக் காரணம் சொல்லத்தான் இவ்வளவு நீளமாக எழுதுகிறேன்.

மூச்சு விடுவது என்ஜின் மட்டும்தான் என்று நினைத்துக்கொண்டிருக்கிறோம். வண்டியின் பிளாஸ்டிக்கைக் கழற்றிவிட்டுப் பொறுமையாகத் தேடிப் பாருங்கள். ஏர் ஃபில்டர் இருக்கும் காற்றுப் பெட்டிக்கு ஒரு வாய் இருக்கும். பெல்ட் பெட்டிக்குக் காற்று உள்ளே போக ஒரு வழி, வெளியேற ஒரு வழி. முன் டிஃபரென்ஷியலுக்கு (இரு சக்கரங்களுக்கும் சுழற்சியைப் பிரித்துக் கொடுக்கும் பல்சக்கரப் பெட்டி) ஒரு மெல்லிய குழாய், பின்பக்கத்துக்கு ஒன்று, கியர் பெட்டிக்கு ஒன்று. பெட்ரோல் டேங்குக்கு ஒன்று. கார்புரேட்டர் வண்டியாக இருந்தால் அதற்கும் ஓரிரண்டு. இத்தனை வாய்களில் எது மிகவும் தாழ்ந்து கிடக்கிறதோ, அதன் உயரம்தான் உங்கள் வண்டி இறங்கக்கூடிய ஆழம். ஸ்நார்கெல் தலைக்கு மேல் நின்றாலும், டிஃபரென்ஷியலின் குழாய் ஆக்ஸிலுக்குப் பக்கத்தில் தொங்கிக்கொண்டிருந்தால் உங்கள் எல்லை ஆக்ஸில் வரைதான்.

இதை நான் ஒரு டிஃபரென்ஷியலைப் பலிகொடுத்துத் தெரிந்துகொண்டேன். இரண்டு மணி நேரம் நன்றாக ஓடிச் சூடேறிய வண்டியைக் குளிர்ந்த ஓடை ஒன்றில் இறக்கினேன். தண்ணீர் சக்கரத்தின் பாதிகூட இல்லை. எந்தச் சிக்கலும் இல்லாமல் ஏறிவிட்டேன். மூன்று வாரம் கழித்து முன்பக்கத்திலிருந்து அரைக்கும் சத்தம் வந்தது. வடிகால் திருகைக் கழற்றியதும் முதலில் வந்தது சுத்தமான தண்ணீர். அதன் பின்னால் சாம்பல் நிறத்தில், பால் கலந்ததுபோல் வெளுத்துப்போன எண்ணெய். விரலில் தொட்டுத் தேய்த்தால் வழுக்கவில்லை, மணல்போல நெருடியது. டிஃபரென்ஷியல் மூச்சுவிடும் அந்த மெல்லிய குழாயின், அதாவது பிரீதர் குழாயின், நுனியை எடுத்துப் பார்த்தேன். அதற்குள் குளவி ஒன்று மண்கூடு கட்டி அடைத்திருந்தது.

நடந்தது எளிய இயற்பியல். டிஃபரென்ஷியலுக்குள் இருக்கும் காற்று 80 டிகிரிச் சூட்டிலிருந்து 25 டிகிரிக்கு இறங்கினால் ஏறத்தாழ ஆறில் ஒரு பங்கு சுருங்கும். அந்த இடத்தை நிரப்பக் குழாய் வழியே காற்று வர வேண்டும். குழாய் அடைத்திருந்தால் ஆக்ஸில் சீல் வழியே தண்ணீரை உறிஞ்சும். குழாயின் நுனி தண்ணீருக்குள் இருந்தாலும் அதே கதைதான். சீல் எவ்வளவு புதிதாக இருந்தாலும் உள்ளே எண்ணெயைத் தடுத்து நிறுத்தும்படி செய்யப்பட்டது அது. உள்ளிருந்து இழுக்கும் உறிஞ்சலை எதிர்த்து நிற்பது அதன் வேலை இல்லை.

ஆகவே இந்த வாரம் செய்ய வேண்டியது: ஒவ்வொரு பிரீதர் குழாயையும் கண்டுபிடித்து, வாயால் ஊதிப் பாருங்கள். அடைப்பு இல்லை என்று தெரிந்ததும், அதே உள்விட்டமுள்ள, பெட்ரோலும் எண்ணெயும் தாங்கும் குழாயை இணைத்துக் கைப்பிடிக்குப் பக்கத்தில் உள்ள மூடிக்குள் கொண்டுபோய்ச் சேருங்கள். நுனியைக் கீழ்நோக்கி வளைத்துவிட்டால் மழையும் தூசியும் இறங்காது. வழியில் எங்கும் குழாய் மடங்கவோ, சைலன்சரைத் தொடவோ கூடாது. கைப்பிடியை இரு பக்கமும் முழுதாகத் திருப்பிப் பார்த்து, குழாய் இழுபடவில்லை என்று உறுதி செய்துகொள்ளுங்கள். கார்புரேட்டரின் காற்றுக் குழாய்களை மறந்துவிடாதீர்கள். அவற்றின் நுனி தண்ணீரில் மூழ்கினால் கார்புரேட்டருக்குள் பெட்ரோல் நிற்கும் மிதவை அறையால் மூச்சுவிட முடியாது. ஒரு துளித் தண்ணீர்கூட உள்ளே போகாமலே என்ஜின் நடுத் தண்ணீரில் நின்றுவிடும். பலர் இதைப் பற்றவைப்புக் கோளாறு என்று நினைத்து ஸ்பார்க் பிளக்கை மாற்றிக்கொண்டே இருப்பார்கள்.

அடுத்தது பெல்ட் பெட்டி. ஹோண்டாவின் ஃபோர்மேன், ராஞ்சர் போன்ற சில வண்டிகளில் பெல்ட்டே கிடையாது. அவை பல்சக்கரத்தில் ஓடுபவை. உங்களுடையது பெல்ட் வண்டி என்பதால் உங்களுக்கு இது உயிர்நாடி. இரண்டு கூம்புக் கப்பிகளின் நடுவே ரப்பர் பெல்ட் அழுத்திப் பிடித்து ஓடுகிறது. பிடிமானம் முழுவதும் உராய்வில்தான். ஒரு கிண்ணம் தண்ணீர் போதும், பெல்ட் வழுக்கத் தொடங்கிவிடும்: என்ஜின் அலறும், வண்டி நகராது, சற்று நேரத்தில் எரிந்த ரப்பர் நாற்றம் வரும். அந்த நாற்றம் வந்த பிறகும் ஆக்ஸிலரேட்டரை அழுத்திக்கொண்டிருந்தால் பெல்ட்டின் பக்கவாட்டுகள் கண்ணாடிபோல் பளபளப்பாகிவிடும். பிறகு காய்ந்தாலும் அது பழையபடி பிடிக்காது.

பெல்ட் நனைந்துவிட்டால் மேடான இடத்தில் நிறுத்தி, பெட்டியின் அடியில் இருக்கும் வடிகால் மூடியைத் திறந்துவிடுங்கள். நியூட்ரலில் வைத்து, மிதமாக ஐந்தாறு முறை என்ஜினை முறுக்கினால் கப்பி சுழன்று தண்ணீரை வீசி எறியும். சில நிமிடம் ஓடவிட்டபின் மெதுவாக லோ கியரில் நகர்த்திப் பாருங்கள். சேற்றிலும் தண்ணீரிலும் எப்போதும் லோ கியர்தான். ஹை கியரில் சேற்றைத் தள்ளும்போது சுமை முழுதும் பெல்ட்டின் மேல் விழுகிறது. எரிந்துபோன பெல்ட்டுகளில் நான் பார்த்தவற்றில் பாதிக்கு மேல் தண்ணீரால் கெட்டவையே இல்லை, ஹை கியரில் கெட்டவை.

இப்போது ஸ்நார்கெல். தொடையளவு தண்ணீருக்கு இது தேவைதான். ஒரு குழாய் போட்டால் போதும் என்று நினைக்காதீர்கள், மூன்று வேண்டும். என்ஜினுக்கு ஒன்று, பெல்ட் பெட்டிக்கு உள்ளே போக ஒன்று, வெளியேற ஒன்று. பெல்ட்டின் இரண்டு வாய்களையும் ஒன்றுக்கொன்று எதிர்ப்பக்கமாகத் திருப்பி வையுங்கள்; இல்லாவிட்டால் வெளியே விட்ட சூடான காற்றையே அது திரும்ப இழுத்துக்கொள்ளும்.

குழாயின் விட்டத்தில் கஞ்சத்தனம் கூடாது. 500 சிசி நான்கு ஸ்ட்ரோக் என்ஜின் நிமிடத்துக்கு 6000 சுற்று ஓடும்போது நொடிக்குச் சுமார் 25 லிட்டர் காற்றை இழுக்கிறது. காற்றுப் பெட்டியின் மூல வாய் எவ்வளவு அகலமோ, குழாய் முழுவதும் அதற்குக் குறையாமல் இருக்க வேண்டும். செங்கோண முழங்கைகளைக் குறைத்து, இரண்டு 45 டிகிரி வளைவுகளாகப் பிரித்துப் போடுங்கள். வீட்டுக் குழாய் வேலைக்கு விற்கும் பிவிசி குழாயே போதுமானது. சைலன்சருக்கு அருகில் மட்டும் அது கூடாது, சூட்டில் இளகிவிடும். இணைப்புகளுக்கு ரப்பர் கப்ளரும் ஹோஸ் கிளிப்பும் போடுங்கள். பசை வைத்து ஒட்டினால் ஏர் ஃபில்டரைச் சுத்தம் செய்யும் ஒவ்வொரு முறையும் அறுக்க வேண்டிவரும்.

உண்மையில் ஸ்நார்கெல் வேலையின் கடினமான பகுதி குழாய் இல்லை, காற்றுப் பெட்டி. அதன் மூடி, அடியில் இருக்கும் வடிகால் ரப்பர், கிளட்ச் (பெல்ட் ஓடும் கப்பிகள்) பக்கமிருந்து வரும் குழாய், பின்னால் இருக்கும் சிறு துளை என்று கசிய இடங்கள் நிறைய. மூடியின் ரப்பர் விளிம்பில் கெட்டியான கடல்படகு கிரீஸைச் சீராகப் பூசி மூடுங்கள். வடிகால் ரப்பரை உருவி எறிந்துவிட்டு, கிளிப் வைத்த முழு மூடி போடுங்கள். துளைகளைச் சிலிக்கான் பசையால் அடைத்து ஒரு முழு நாள் காயவிடுங்கள்.

வேலை முடிந்ததா என்பதை உங்கள் உள்ளங்கை சொல்லும். என்ஜினை நிதானமாக ஓடவிட்டு, ஸ்நார்கெல்லின் வாயை உள்ளங்கையால் இறுக மூடுங்கள். கையை உள்ளே இழுக்கும் உறிஞ்சலை உணர வேண்டும். ஓரிரு நொடிகளில் என்ஜின் திணறி நின்றுவிட வேண்டும். நிற்காமல் ஓடிக்கொண்டே இருந்தால், வேறு எங்கிருந்தோ காற்று வருகிறது என்று பொருள். காற்று வரும் வழியில் நாளை தண்ணீர் வரும். சத்தம் இல்லாத இடத்தில் காதை வைத்துக் கேளுங்கள், மெல்லிய சீறல் கேட்கும். சோப்பு நீரைத் தெளித்தாலும் உறிஞ்சும் இடம் தெரிந்துவிடும். இந்தச் சோதனையில் தேறாத வண்டியைத் தண்ணீரில் இறக்காதீர்கள்.

ஏன் இவ்வளவு கண்டிப்பு? 500 சிசி என்ஜினின் அழுத்த விகிதம் 10:1 என்று வைத்துக்கொண்டால், பிஸ்டன் உச்சிக்கு வரும்போது மேலே மிஞ்சும் இடம் சுமார் 55 மில்லிலிட்டர். நான்கு மேசைக்கரண்டிக்கும் குறைவு. அதற்கு மேல் தண்ணீர் உள்ளே போனால் பிஸ்டனால் மேலே ஏற முடியாது. தண்ணீர் அமுங்காது, கனெக்டிங் ராட் வளையும். ஓடும் வேகத்தில் நடந்தால் என்ஜினின் உடலே உடைந்து துளை விழும்.

மின்சாரப் பகுதிக்கு ஒரு மாலை நேரம் போதும். ஒவ்வொரு கனெக்டரையும் பிரித்து, உலர்த்தி, மின்கடத்தா கிரீஸை உள் ரப்பரிலும் பின்களிலும் மெல்லிதாகத் தடவி மூடுங்கள். ஸ்பார்க் பிளக்கின் தொப்பிக்குள்ளும் சிறிது. ஃபியூஸ் பெட்டியையும், வண்டியைக் கயிற்றால் இழுக்கும் மோட்டார் உருளையான விஞ்சின் ரிலேவையும் முடிந்த அளவு உயரத்துக்கு மாற்றுங்கள். வேறு பெரிய வித்தை எதுவும் இங்கே இல்லை.

ரேடியேட்டர் வேறு விஷயம். தண்ணீரைவிடச் சேறுதான் அதற்கு எமன். முன் சக்கரங்கள் வாரி எறியும் களிமண் ரேடியேட்டரின் தகடுகளுக்குள் புகுந்து, சூட்டில் செங்கல்லாகக் காய்ந்துவிடும். அதே சேறு விசிறியையும் இறுக்கிப் பிடிக்கும். விசிறி சுழல முடியாமல் உருகி எரியும். ஓட்டுபவருக்கு எதுவும் தெரியாது, என்ஜின் கொதிக்கும்வரை. அதனால் சேறே முக்கிய வேலை என்றால் ரேடியேட்டரை முன் தட்டின் மேல் உயர்த்தி வைப்பது நல்ல செலவு. கான்-ஆம் அவுட்லேண்டர் எக்ஸ் எம்ஆர் போன்ற, தொழிற்சாலையிலேயே சேற்றுக்கென்று செய்யப்படும் வண்டிகளில் ரேடியேட்டர் மேலேதான் இருக்கும். உயர்த்தினால் வண்டியின் எடைமையம் சற்று மேலேறும், சரிவுகளில் கவனம் தேவை. உயர்த்தாவிட்டால், ஒவ்வொரு ஓட்டத்தின் நடுவிலும் நிறுத்திப் பாருங்கள். கழுவும்போது என்ஜின் பக்கமிருந்து முன்னோக்கி, சாதாரணக் குழாய் அழுத்தத்தில் கழுவுங்கள். உயர் அழுத்தக் கருவி தகடுகளை மடக்கிவிடும். பேரிங் சீல்களுக்குள்ளும் தண்ணீரைச் செலுத்திவிடும்.

இனி டயர். 25 அங்குலத்திலிருந்து 28 அங்குலத்துக்குப் போனால் சுற்றளவு 12 சதவிகிதம் கூடுகிறது. அந்த அளவுக்கு உயர்ந்த கியரில் இழுப்பதுபோல் என்ஜின் உணரும். பெல்ட் அதிகம் சூடாகும். கிளட்ச்சின் எடைகளையும் ஸ்பிரிங்கையும் மாற்றாமல் பெரிய டயர் மட்டும் போடுவது 500 சிசி வண்டிக்குக் கொடுமை. ஆக்ஸிலும் ஸ்டியரிங் கம்பிகளும் அந்தச் சுமைக்குச் செய்யப்பட்டவை இல்லை. என் ஆலோசனை: 26 அல்லது 27 அங்குலத்தில், ஒரு அங்குலத்துக்கு மேல் ஆழமான, இடைவெளி அதிகமுள்ள கட்டைகள் கொண்ட சேற்று டயர். அடியில் கெட்டியான தரை இருக்கும் சேறு என்றால் குறுகிய டயர் வெட்டிக்கொண்டு இறங்கித் தரையைப் பிடிக்கும். அடியே தெரியாத சதுப்பு என்றால் அகலமானது மிதந்து போகும். உங்கள் பாதைகளில் எது அதிகம் என்று பார்த்து வாங்குங்கள். காற்றழுத்தம் பொதுவாக 5 முதல் 7 பிஎஸ்ஐ. சேற்றில் ஒன்றிரண்டு குறைக்கலாம், அதற்கும் கீழே போனால் டயரின் விளிம்பு ரிம்மிலிருந்து கழன்றுகொள்ளும். இவ்வளவு குறைந்த அழுத்தத்தை அளக்கத் தனி மானி வேண்டும். கார் டயருக்கான மானி இங்கே நம்பத் தகுந்ததில்லை.

டயரைப் பற்றி அதிகம் பேசப்படாத ஒன்று: அது மிதக்கும். 27 அங்குல உயரமும் 10 அங்குல அகலமும் உள்ள நான்கு டயர்கள் முழுதும் மூழ்கினால் 250 முதல் 300 லிட்டர் தண்ணீரை விலக்குகின்றன. அதாவது 250 முதல் 300 கிலோ எடையை மேலே தூக்குகின்றன. உங்கள் வண்டியே 350 கிலோவுக்குள்தான் இருக்கும். ஆழம் கூடக் கூடத் தரையில் அழுந்தும் எடை குறைந்து, பிடிப்பு போய், லேசான நீரோட்டம்கூட வண்டியைப் பக்கவாட்டில் தள்ளும். அதனால்தான் தேங்கிய தண்ணீரில் சரியாகப் போன அதே ஆழம், ஓடும் தண்ணீரில் ஆளைக் கொல்லும். ஓடும் ஆற்றில் இறங்க ஸ்நார்கெல் அனுமதி தருவதாக எண்ண வேண்டாம். பெரும்பாலான வண்டிகளின் கையேடு காலடித் தட்டுக்கு மேல் தண்ணீர் வேண்டாம் என்றே சொல்கிறது. அதற்கு மேல் போகும்போது உத்தரவாதமும் பொறுப்பும் உங்களுடையவை.

விஞ்ச் இல்லாமல் சேற்றுக்குப் போகாதீர்கள். வண்டி, ஆள், சாமான் எல்லாம் சேர்த்து 450 கிலோ என்றால் அதைப் போல ஒன்றரை மடங்கு என்பது குறைந்தபட்சக் கணக்கு. அடித்தட்டு வரை புதைந்த வண்டியைச் சேறு கவ்விப் பிடிக்கும் பிடிக்கு அது போதாது. 2500 முதல் 3500 பவுண்டு, அதாவது ஏறத்தாழ 1100 முதல் 1600 கிலோ இழுப்புத் திறன் வாங்குங்கள். அந்தத் திறன் உருளையில் முதல் சுற்று மட்டும் இருக்கும்போது கிடைப்பது. கயிறு எவ்வளவு சுற்றியிருக்கிறதோ அவ்வளவு குறையும். கம்பியைவிடச் செயற்கை இழைக் கயிறு நல்லது. அறுந்தால் கம்பியளவு வெறியோடு பாயாது. இருந்தாலும் இழுக்கும்போது கயிற்றின் மேல் ஒரு கனத்த துணியைப் போடுங்கள், அருகில் யாரும் நிற்க வேண்டாம். மரத்தில் கட்ட அகலமான பட்டை, ஒரு கப்பி, கையுறை. கப்பி போட்டு இழுத்தால் வேகம் பாதியாகி இழுவிசை ஏறக்குறைய இரட்டிப்பாகும்.

வண்டி தண்ணீரில் இறங்குமுன் நீங்கள் இறங்குங்கள். ஒரு கம்போடு நடந்து, ஆழத்தையும் அடித்தரையையும் மறுகரை ஏறும் இடத்தையும் பார்த்துவிட்டு வாருங்கள். நடக்க முடியாத இடத்தில் ஓட்டவும் முடியாது. வண்டி சூடாக இருந்தால் சில நிமிடம் ஆறவிடுங்கள். லோ கியர், நான்கு சக்கர இயக்கம், மெதுவாக நுழைந்து, முன்னால் ஒரு சிறு அலை எழும் வேகத்தில் ஒரே சீராகப் போங்கள். நடுவில் ஆக்ஸிலரேட்டரை விடாதீர்கள். சைலன்சர் மூழ்கியிருந்தாலும் ஓடும் என்ஜினின் புகை தண்ணீரைத் தள்ளிக்கொண்டே இருக்கும். என்ஜின் நின்றால் அந்தக் காவல் போய்விடும். கரையேறியதும் பிரேக்கை மெதுவாக அழுத்தியபடி சிறிது தூரம் ஓட்டி உலர்த்துங்கள். தனியாகப் போகாதீர்கள். தலைக்கவசம் சேற்றிலும் கட்டாயம். ஒருவருக்கான வண்டியில் இன்னொருவரை ஏற்றாதீர்கள். ஓடைகளை ஏற்கெனவே கடக்கும் இடத்தில் மட்டும் கடந்து போங்கள். ஓடைக்குள்ளேயே நெடுக ஓட்டுவது அதன் அடித்தரையையும் அங்கே வாழும் உயிர்களையும் அழிக்கும்.

தண்ணீரில் என்ஜின் திடீரென நின்றுவிட்டால், ஸ்டார்ட்டரைத் தொடாதீர்கள். இந்தப் பதிலில் ஒரே ஒரு வரியை நினைவில் வைத்துக்கொள்வதானால் இதை வைத்துக்கொள்ளுங்கள். வண்டி கவிழ்ந்தால் முதல் வேலை நிறுத்து பொத்தான். விஞ்சாலோ கயிற்றாலோ கரைக்கு இழுங்கள். ஏர் ஃபில்டரைத் திறந்து பாருங்கள். அது நனைந்திருந்தால் ஸ்பார்க் பிளக்கைக் கழற்றி, அதன் வயரைத் தள்ளிக் கட்டிவிட்டு, பிறகு ஸ்டார்ட்டரைச் சிறிது சிறிதாக அழுத்துங்கள். பிளக் துளையிலிருந்து தண்ணீர் பீறிட்டு வரும். முகத்தை விலக்கி நில்லுங்கள். வறண்ட காற்று மட்டும் வரும்வரை தொடருங்கள். டிப்ஸ்டிக்கில் எண்ணெய் வெளுத்திருந்தால் அதோடு ஓட்ட வேண்டாம். எண்ணெயை மாற்றி, சில நிமிடம் ஓடவிட்டு, மறுபடி மாற்றுங்கள். வெளுப்பு முழுதாகப் போக மூன்று முறைகூட ஆகலாம்.

வீடு திரும்பிய அன்றே கழுவுங்கள். காய்ந்த சேற்றை மறுநாள் சுரண்டும்போது ஆக்ஸில் மூட்டை மூடியிருக்கும் பூட் ரப்பரில் உள்ள சிறு கிழிசல் கண்ணுக்குப் படாது. அந்தக் கிழிசல் வழியே போன மணல் சில ஓட்டங்களில் ஆக்ஸிலைத் தின்றுவிடும். கிரீஸ் ஏற்றும் எல்லா நிப்பிள்களிலும் பழைய கிரீஸ் பிதுங்கி வரும்வரை புதுக் கிரீஸ் அடியுங்கள். சக்கரத்தைத் தூக்கி வைத்து, மேலும் கீழும் பிடித்து ஆட்டுங்கள். ஆட்டம் இருந்தால் பேரிங் போய்விட்டது. பிரேக் பேடுகளையும் பாருங்கள், சேறு உப்புத்தாள்போல் அவற்றை ஒரே நாளில் தேய்க்கக்கூடியது. பிறகு கால் மணி நேரம் என்ஜினை ஓடவிட்டால் மிச்ச ஈரம் ஆவியாகும்.

மறுநாள் காலையில், இரவு முழுவதும் வண்டி அசையாமல் நின்ற பிறகு, முன் டிஃபரென்ஷியலின் வடிகால் திருகை அரைச் சுற்று மட்டும் தளர்த்துங்கள். தண்ணீர் எண்ணெயைவிடக் கனமானது, அடியில் இறங்கியிருக்கும். உள்ளே புகுந்திருந்தால் முதல் துளியிலேயே தெரியும். அந்தத் துளி எண்ணெயாக இருந்தால் திருகை இறுக்கிவிட்டு அடுத்த ஓட்டத்துக்குப் போகலாம்.